பல் போன இடத்தில் 'பிரிட்ஜ்': போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாச்சு. வலியும் போச்சு. "உள்ளேதானே இருக்கு, சிரிச்சா யாருக்குத் தெரியப் போகுது?" என்று அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிடுபவர்கள் நம்மில் நிறையப் பேர்.

சில மாதங்கள் கழித்துப் பல் மருத்துவரிடம் போனால் மூன்று பெயர்கள் காதில் விழும்: பல்செட், இம்பிளாண்ட், பிரிட்ஜ். இதில் பிரிட்ஜ், அதாவது பல் பாலம், கேட்பதற்குச் சுலபமாகத் தோன்றும். அறுவைச் சிகிச்சை இல்லை. தினமும் கழற்றி மாட்ட வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் வேலை முடிந்துவிடும்.

ஆனால், வழக்கமான பாலம் போட வேண்டுமென்றால் இடைவெளிக்கு இரு பக்கமும் இருக்கும் பற்களைச் செதுக்க வேண்டும். செதுக்கியது மீண்டும் வளராது. 20களிலும் 30களிலும் இருப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

ஒரு பல்லுதானே, விட்டா என்ன?

பற்கள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒன்று போய்விட்டால் பக்கத்துப் பல் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாயலாம். மேலே அல்லது கீழே எதிரில் இருக்கும் பல், கடிப்பதற்கு ஆள் இல்லாமல் இடைவெளியை நோக்கி இறங்கவோ ஏறவோ செய்யலாம்.

சாய்ந்த பல்லின் இடுக்கில் சோறும் இறைச்சி நாரும் மாட்டிக்கொள்ளும். சுத்தம் செய்வது கடினமாகும். சொத்தையும் ஈறு நோயும் வர வாய்ப்பு கூடும். பல் இருந்த இடத்தில் தாடை எலும்பும் காலப்போக்கில் குறையும்.

அதற்காக, போன பல் ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் பல் கட்டாயம் என்று சொல்ல முடியாது. ஞானப்பல்லைப் பிடுங்கினால் அந்த இடத்தில் பொதுவாக எதையும் வைப்பதில்லை. ஆகக் கடைசியில் இருக்கும் கடைவாய்ப் பல் போனாலும் சிலருக்கு அப்படியே விடலாம். மெல்லுவதில் சிரமம் இல்லை, மற்ற பற்களும் நகரவில்லை என்றால் "இப்போதைக்குப் பார்ப்போம்" என்று மருத்துவரே சொல்லக்கூடும்.

பிரிட்ஜ் என்பது என்ன?

ஒரு பல் இல்லாத இடத்துக்கு மூன்று பற்கள் கொண்ட ஒரே துண்டாக அதைச் செய்வார்கள். நடுவில் இருப்பது பொய்ப்பல். அதற்கு வேர் கிடையாது. ஈறின் மேல் லேசாக உட்கார்ந்திருக்கும். இரண்டு ஓரங்களிலும் இருப்பவை உறைகள். பலரும் 'கேப்' அல்லது 'கிரவுன்' என்று சொல்வது அதைத்தான். அந்த உறைகள் பக்கத்துப் பற்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆற்றுப் பாலத்துக்கு இரண்டு கரையிலும் தூண் இருப்பது போல, இங்கே உங்கள் சொந்தப் பற்களே தூண்கள். நடுப்பல் மீது விழும் கடியின் பாரத்தையும் அந்த இரண்டு வேர்கள்தான் சுமக்கின்றன. அதனால் தூண் பற்களின் வேரும், அவற்றைப் பிடித்திருக்கும் எலும்பும் உறுதியாக இருக்க வேண்டும்.

உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் வைத்துச் செய்யும் பாலங்கள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. இப்போது பல்லின் நிறத்திலேயே இருக்கும் ஸிர்கோனியா பாலங்களும் அதிகம் போடப்படுகின்றன.

எப்படிப் போடுவார்கள்?

1. முதலில் எக்ஸ்-ரே எடுத்துத் தூண் பற்களின் வேர், எலும்பு, பழைய அடைப்புகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பல்லைப் பிடுங்கி அதிக நாள் ஆகவில்லை என்றால் ஈறு ஆறி வடிவம் நிலைக்கும்வரை சில மாதங்கள் காத்திருக்கச் சொல்லலாம்.

2. மரத்துப்போக ஊசி போட்டு, தூண் பற்களைச் சுற்றிலும் செதுக்குவார்கள்.

3. பிறகு அச்சு எடுப்பார்கள், அல்லது வாய்க்குள் ஸ்கேன் செய்வார்கள். அது ஆய்வுக்கூடத்துக்குப் போகும். நிரந்தரப் பாலம் வரும்வரை தற்காலிகப் பாலம் ஒன்று வாயில் இருக்கும்.

4. பாலம் வந்ததும் பொருத்தம், நிறம், கடி மூன்றையும் சரிபார்த்து ஒட்டுவார்கள்.

ஒட்டிய பிறகு கடிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் முதலில் தட்டுப்பட்டால், "பழகிடும்" என்று நாள் கடத்த வேண்டாம். திரும்பிப் போய்ச் சொன்னால் சரிசெய்து கொடுப்பார்கள்.

பக்கத்துப் பல்லுக்கு என்ன ஆகும்?

முழு உறை உட்கார இடம் வேண்டும். அதற்காகப் பல்லின் பக்கவாட்டிலும் மேற்புறத்திலும் சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர்வரை செதுக்க நேரிடலாம். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ஈறுக்கு வெளியே தெரியும் பல்லில் பாதிக்கும் மேல் அதிலேயே போய்விடக்கூடும்.

போவதில் முக்கியமானது எனாமல். நம் உடம்பிலேயே ஆக உறுதியான பொருள் அது. ஒருமுறை போனால் உடம்பால் மறுபடியும் உருவாக்க முடியாது. அதன் பிறகு அந்தப் பல்லுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது ஓர் உறை தேவைப்படும்.

செதுக்கிய பற்களில் சிலவற்றின் உள்ளே இருக்கும் நரம்பு, பல ஆண்டு கழித்துக்கூட, செத்துப்போகலாம். அப்போது வேர் சிகிச்சை செய்ய வேண்டிவரும்.

அப்படியென்றால் பாலம் யாருக்குப் பொருந்தும்?

பக்கத்துப் பற்களைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

அந்தப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருக்கிறதா? உடைந்து, எப்படியும் உறை போட வேண்டிய நிலையில் உள்ளனவா? அப்படியானால் பாலம் நல்ல தேர்வு. எப்படியும் போட வேண்டிய இரண்டு உறைகளோடு போன பல்லும் திரும்பக் கிடைக்கிறது. இம்பிளாண்ட் போட எலும்பு போதவில்லை, அல்லது உடல்நிலை காரணமாக அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கும் பாலம் கைகொடுக்கும்.

இரண்டு பக்கமும் ஒரு சொத்தைகூட இல்லாத முழுப் பற்கள் என்றால் யோசிக்க வேண்டும். ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களைச் செதுக்குவதா? தாடை எலும்புக்குள் திருகிப் பொருத்தும் இம்பிளாண்ட், பக்கத்துப் பற்களைத் தொடுவதில்லை. ஆனால் அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு, மாதக்கணக்கில் நேரமும் ஆகும். புகைபிடிப்பவர்களுக்கும் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்களுக்கும் அது தோற்றுப்போகும் வாய்ப்பு கூடுதல்.

ஈறு நோயால் பற்கள் ஆடுகின்றன என்றால் முதலில் ஈறுக்குச் சிகிச்சை. ஆடும் தூண்மேல் பாலம் கட்டக்கூடாது.

செதுக்காமல் பாலம் போட முடியுமா?

முன்பற்களுக்குப் பல நேரம் முடியும். பின்பக்கம் மெல்லிய 'இறக்கை' வைத்த பொய்ப்பல்லைப் பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் பசைகொண்டு ஒட்டுவார்கள். இதற்கு மேரிலண்ட் பாலம் என்று பெயர். செதுக்குவது மிகக் குறைவு, சிலருக்குத் தேவையே இல்லை.

விளையாட்டில் முன்பல் போனவர்கள், பிறவியிலேயே ஒரு பல் முளைக்காதவர்கள், தாடை வளர்ச்சி இன்னும் முடியாத பதின்ம வயதினர் ஆகியோருக்கு இது உதவும். வளரும் தாடையில் இம்பிளாண்ட் போடுவதைத் தவிர்ப்பார்கள்.

இதிலும் குறை உண்டு. பசை விட்டு, பல் கையோடு வந்துவிடலாம். பெரும்பாலும் மறுபடியும் ஒட்டிக்கொள்ள முடியும். நல்ல சேதி என்னவென்றால், கீழே உங்கள் சொந்தப் பல் பத்திரமாக இருக்கும். கடைவாயில் விழும் பாரத்துக்கு இது அவ்வளவாகத் தாங்காது.

எத்தனை வருஷம் தாங்கும்?

வழக்கமான பாலங்களில் 10க்குச் சுமார் 9, பத்து ஆண்டுக்குப் பிறகும் வாயில் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஒற்றைப் பல் இம்பிளாண்ட் மேல் வைக்கும் உறைக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

வேறுபாடு, தோற்றுப்போகும்போது தெரியும். பாலம் தோற்பதற்கு முக்கியக் காரணம் உறைக்கு அடியில் தூண் பல்லில் சொத்தை விழுவது. தூண் பல்லைக் காப்பாற்ற முடியாவிட்டால் ஒரு பல் இடைவெளி இரண்டு பல் இடைவெளியாகிவிடும். 27 வயதில் பாலம் போடுபவர், வாழ்நாளில் அதை ஒருமுறைக்கு மேல் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்வதே சரி.

காசு எப்படி?

பாலத்துக்குக் கட்டணம் 'யூனிட்' கணக்கில். போனது ஒரு பல் என்றாலும் மூன்று பல் பாலத்துக்கு மூன்று யூனிட். விலையைக் கேட்கும்போது "ஒரு யூனிட்டுக்கா, மொத்தத்துக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் மெடிசேவ் பணத்தைப் பொதுவாக அறுவைச் சிகிச்சை சம்பந்தப்பட்ட பல் சிகிச்சைக்குத்தான் எடுக்கலாம். இம்பிளாண்டின் அறுவைச் சிகிச்சைப் பகுதி அதில் வரும். அறுவைச் சிகிச்சை இல்லாத பாலத்துக்கு இளையர்கள் கைக்காசையோ காப்புறுதியையோ நம்ப வேண்டும். தகுதியுள்ள சாஸ் அட்டைதாரர்களுக்குக் கழற்றி மாட்டும் பல்செட்டு, நிரந்தர உறை போன்றவற்றுக்கு மானியம் உண்டு. உங்கள் அட்டைக்கு என்னென்ன கிடைக்கும் என்று மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்பது நல்லது.

"ஜொகூர் பாருவில் செஞ்சா மலிவு" என்று நண்பர்கள் சொல்வார்கள். போகலாம். ஆனால் ஒருமுறை போய் முடியும் வேலை இல்லை இது. அளவு, பொருத்தம், கடி சரிபார்ப்பு, பிறகு ஏதாவது கோளாறு என்றால் மறுபடியும் காஸ்வே. அந்த நேரத்தையும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவர் அந்நாட்டின் பல் மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்றவரா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போட்ட பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

பொய்ப்பல்லுக்குச் சொத்தை வராது. அதைத் தாங்கும் பல்லுக்கு வரும். மூன்றும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் சாதாரணமாக மேலிருந்து ஃப்ளாஸ் செய்ய முடியாது. ஒரு முனை விறைப்பாக இருக்கும் ஃப்ளாஸ் அல்லது சின்ன இடுக்குப் பிரஷ் கொண்டு பாலத்துக்கு அடியில் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

ஐஸ் கட்டியைக் கடிப்பது, பல்லால் பாட்டில் மூடியைத் திறப்பது எல்லாம் வேண்டாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாலம் லேசாக ஆடினாலோ, அந்த இடத்தில் கெட்ட வாடை வந்தாலோ உடனே காட்டுங்கள். கழன்றுவிட்டால் கடையில் விற்கும் பசையால் நீங்களாக ஒட்டாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நாற்காலியில் சாய்வதற்கு முன் 5 கேள்விகள்

• என் பக்கத்துப் பற்கள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன? எக்ஸ்-ரேயில் காட்ட முடியுமா?

• அவற்றில் எவ்வளவு செதுக்குவீர்கள்?

• குறைவாகச் செதுக்கும் வழி எனக்குப் பொருந்துமா?

• இந்தப் பாலம் தோற்றுப்போனால் அடுத்து என்ன செய்ய முடியும்?

• நான் ஆறு மாதம் யோசித்துவிட்டு வந்தால் ஏதாவது கெட்டுப்போகுமா?

கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தால் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசியுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.