கம்பெனி வக்கீலும் சன்னதும்

வக்கீல் என்றாலே நம்மவர்களுக்குக் கோர்ட்டும் கறுப்புக் கவுனும்தான் நினைவுக்கு வரும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் டி.முத்துசாமி ஐயர், அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் வி.பாஷ்யம் அய்யங்கார் என்று பெயர் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். இன்று மும்பை, தில்லி, பெங்களூர் என்று எங்கு பார்த்தாலும் நம் வீட்டுக் குழந்தைகள் சட்டம் படித்துவிட்டுக் கம்பெனிகளின் சட்டப் பிரிவில் சேருகிறார்கள். அத்தகைய வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் மேஜைக்கு இந்தப் பக்கம் பல தடவை உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒப்பந்தம், வரி, தொழிலாளர் சட்டம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும். "சன்னதை எப்போது சஸ்பெண்ட் செய்வீர்கள்?" கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இங்கே சற்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1961-ஆம் வருஷத்து அட்வகேட்ஸ் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் செய்த விதிகளில் 49-வது விதி, வக்கீல் தொழில் செய்பவர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. மத்திய, மாநில அரசுகளிலும் சட்டப்படி அமைந்த கார்ப்பரேஷன்களிலும் இருந்த சட்ட அதிகாரிகள், மாநில பார் கவுன்சில் விதி அனுமதித்தால், சம்பளமும் வாங்கலாம், கவுனும் போடலாம். தனியார் கம்பெனிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே படிப்பு, ஒரே வேலை. எஜமானர் யார் என்பதில்தான் வித்தியாசம்!

அந்த ஜன்னலும் 2001-ல் மூடியது. ஹிமாசலப் பிரதேச மின்வாரியத்தின் சட்ட அதிகாரி சதீஷ்குமார் சர்மாவின் வழக்கில், அவர் முழுநேரச் சம்பள ஊழியர். கோர்ட்டில் வாதாடுவது மட்டும் அவர் வேலை அல்ல. ஆகவே வக்கீலாகப் பதிவில் இருக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே வருஷம் பார் கவுன்சிலும் விதிவிலக்கை நீக்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி, தொழிலாளர் தரப்பு சம்மதமும் டிரிப்யூனல் அனுமதியும் இல்லாமல் வக்கீல் ஆஜராக முடியாது என்று இருந்தது. ஆனால் பாரதீப் துறைமுக டிரஸ்ட் வழக்கில் 1976-ல் சுப்ரீம் கோர்ட், தொழில் நடத்தாமல் கம்பெனிச் சம்பளத்தில் இருக்கும் அதிகாரி சட்டம் படித்தவரானாலும் அதிகாரி என்ற முறையில் ஆஜராகலாம் என்றது. சன்னது இல்லாததே அங்கே தகுதியாயிற்று!

நஷ்டம் வேறு இடத்தில். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற பாதுகாப்பு 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவில் இருந்தது. சம்பளத்துக்கு இருக்கும் சட்ட ஆலோசகருக்கும் அது உண்டு என்று விஜய் மெட்டல் ஒர்க்ஸ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தாராளமாகச் சொன்னது. 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 31 அன்று சுப்ரீம் கோர்ட், கம்பெனிக்குள் இருக்கும் சட்ட ஆலோசகர் கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீல் அல்ல, அவருக்கு 132-வது பிரிவின் பாதுகாப்பு இல்லை என்று கூறிவிட்டது. வெளி வக்கீலுக்கு அவர் எழுதுவதற்குப் பாதுகாப்பு உண்டு. எஜமானருக்கும் அவருக்கும் இடையே நடப்பதற்கு இல்லை. ஆபீஸ் மெயிலில் மனம் திறந்து அபிப்பிராயம் எழுதும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பம்பாய்த் தீர்ப்பே நடைமுறைக்கு ஒத்தது என்பது என் எண்ணம்.

சில வருஷங்களுக்கு முன் தேர்வுக்கு வந்த பாலக்காட்டுப் பெண் ஒருத்தி, "ஏழு வருஷம் பிராக்டீஸ் முடித்துவிட்டேன் சார், இனி கம்பெனிக்கு வந்தாலும் ஜில்லா ஜட்ஜ் பரீட்சை எழுதலாமே?" என்றாள். அரசியல் சாசனம் 233-வது ஷரத்து ஏழு வருஷம் கேட்பது உண்மைதான். ஆனால் தீபக் அகர்வால் வழக்கில் 2013-ல் சுப்ரீம் கோர்ட், விண்ணப்பிக்கும்போதும் வக்கீலாக இருந்து வர வேண்டும் என்று விளக்கியிருக்கிறது. கோர்ட்டில் ஆஜராவதையே வேலையாகக் கொண்ட அரசு பிராசிக்யூட்டர்கள் சம்பளம் வாங்கினாலும் வக்கீல்களே என்றதும் அதே தீர்ப்புதான். இதைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் அவகாசம் கேட்டாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. முதல் தேதி சேருவதாகச் சொன்னாள். அப்பாவின் வைத்தியச் செலவுக்கு மாதச் சம்பளம் தேவைப்பட்டது. பார் கவுன்சிலுக்கு என்ன அனுப்ப வேண்டும் என்று கேட்டாள். நிறுத்திவைக்கும் மனுவோடு அசல் பதிவுச் சான்றிதழையும் அனுப்பவும், நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொன்னேன். வேலையை விட்டால் மறுபடி மனுப் போட்டுத் தொழிலைத் தொடரலாம் என்பதையும் சொல்லி வைத்தேன்.