பொருளாதார ஆய்வு நிறுவனங்களும் தொழிற்கொள்கையும்: மைசூர் முதல் அடையாறு வரை

எந்தத் தொழிலுக்குச் சலுகை, யாருக்கு உரிமம், எந்தத் தாலுக்காவில் நிலம், எந்தச் சரக்குக்கு எவ்வளவு சுங்கம் என்று அரசு எடுக்கும் முடிவுகளின் தொகுப்பே தொழிற்கொள்கை. அந்த முடிவுகளுக்கு வேண்டிய கணக்கை அரசுத் துறைகளுக்கு வெளியே இருந்து எடுத்துத் தருபவை பொருளாதார ஆய்வு நிறுவனங்கள். இவற்றைச் சுயேச்சை நிறுவனங்கள் என்பது வழக்கம். இந்தியாவில் அந்தச் சொல் பெரும்பாலும் குறிப்பது, நிறுவனம் தனிச் சங்கமாகப் பதிவாகித் தனக்கென நிர்வாகக் குழு வைத்திருக்கிறது என்பதைத்தான். செலவுக்கு வேண்டிய பணம் அரசு மானியமாக வருவது இங்கே சாதாரணம்.

மைசூரின் வடமேற்கில் உள்ள விஜயநகர் ஒரு குடியிருப்புப் பகுதி. நான்கு ஸ்டேஜாக விரிந்து ஹின்கல் வரை போகிறது; அதை அடுத்து ஹெப்பால் தொழிற்பேட்டை. நகரத்துப் பக்கம் திரும்பினால் யாதவகிரி. மோட்டார் சைக்கிள் இறக்குமதி தடைபட்ட காலத்தில் உருவாகி, 1961இல் உற்பத்தி தொடங்கி, 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா ஆலை அங்கேதான் இருந்தது. ஓர் ஆலை ஏன் வந்தது, ஏன் போனது என்ற கேள்விக்குப் பாதி விடை சந்தையில் இருக்கும். மீதி விடை எங்கோ ஒரு குழுவின் அறிக்கையில் இருக்கும். அப்படிப்பட்ட குழுக்களின் வரலாறு தென்னிந்தியாவில் இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறது.

மைசூர்ப் பொருளாதார மாநாடு

1911 ஜூன் மாதம் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் பொருளாதார மாநாட்டைத் தொடங்கி வைத்தார். யோசனை அப்போது சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மோ. விஸ்வேஸ்வரய்யாவுடையது. பெயர் மாநாடு என்றாலும் கூடிப் பேசிக் கலைகிற கூட்டமாக அது அமையவில்லை. கல்வி, விவசாயம், தொழில்-வணிகம் என மூன்று நிலைக்குழுக்கள் ஆண்டு முழுவதும் வேலை செய்தன. அதிகாரிகளோடு வணிகர்களும் நிலக்கிழார்களும் அவற்றில் உட்கார்ந்தார்கள். மாவட்டத்திலும் தாலுக்காவிலும் கிளைக் குழுக்கள் இருந்தன. அரசாங்கம் நடத்திய அமைப்பாகையால் இதைச் சுயேச்சை நிறுவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் தொழில் தொடங்குமுன் ஊரில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும், அந்தக் கணக்கைத் துறை சாராதவர்களும் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் இங்கேதான் வேர் பிடித்தது. 1912 நவம்பரில் விஸ்வேஸ்வரய்யா திவானானார். கணக்குக் கேட்டவரே கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தார். 1913இல் மைசூர் வங்கி, 1916இல் மைசூர் பல்கலைக்கழகம், அதே ஆண்டில் வணிகர் சங்கம் என்று வரிசையாக வந்தன.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைக் கலைப் பள்ளியில் 1898 முதல் அலுமினியப் பாத்திரம் செய்து காட்டி, பின்னர் குரோம் தோல் பதனிடுதலையும் சோதித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். அரசே ஒரு தொழிலை நடத்திக் காட்டி, லாபம் தெரிந்ததும் தனியாருக்குக் கைமாற்றுவது அவர் முறை. 1908இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாடு இதற்கென ஒரு துறையையே கேட்டது. சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1910இல் இந்திய அமைச்சர் மோர்லி பிரபு லண்டனிலிருந்து அனுப்பிய ஆணை, அரசுப் பணத்தைத் தொழிற்கல்விக்குச் செலவிடலாம், தொழில் நடத்தச் செலவிடக் கூடாது என்று கதவை அடைத்தது. சாட்டர்டன் 1912இல் மைசூருக்குப் போய்ச் சமஸ்தானத்தின் தொழில்துறை இயக்குநரானார். பிரிட்டிஷ் மாகாணத்துக்குத் தடுக்கப்பட்டதைச் சுதேச சமஸ்தானம் செய்ய முடிந்தது.

அதன் பலன் சந்தனத்தில் தெரிந்தது. மைசூர்க் காடுகளின் சந்தன மரம் முழுவதும் அரசின் ஏகபோகம். கட்டைகளை ஏலம் விடுவார்கள்; பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போய் அங்கே எண்ணெயாகும். 1914இல் போர் மூண்டது. கட்டை தேங்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோ, வாட்சன் என்ற இரு வேதியியலாளர்கள் எண்ணெய் வடிக்கும் முறையைச் சோதனைச் சாலையில் செய்து காட்டினார்கள். 1916இல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு மைசூரிலும் ஆலைகள் எழுந்தன. சோப்பு பிறகு வந்தது. கச்சாப் பொருளை அப்படியே விற்காதே, பக்குவப்படுத்தி விற்பனை செய் என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த அறிக்கையும் சொன்னதில்லை. எல்லா முயற்சியும் இப்படி வாய்க்கவில்லை: போர்க்கால விலையை நம்பித் திட்டமிட்ட பத்ராவதி இரும்பாலை 1923இல் உலை மூட்டியபோது இரும்பு விலை இறங்கியிருந்தது, பல ஆண்டுகள் நஷ்டம்.

மாநாடு எண்ணாமல் விட்டது ஒன்று உண்டு. அரசு வேலைகளில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்ற கணக்கு அது. பிராமணரல்லாதார் இயக்கம் அதைக் கேட்டது. அதை ஆராய 1918இல் மில்லர் குழு அமைந்தது. சமூகவாரியாக இடம் ஒதுக்கினால் திறமை குறையும் என்று வாதிட்ட விஸ்வேஸ்வரய்யா அவ்வாண்டின் இறுதியில் பதவி விலகினார். பொறியாளரின் பேரேட்டில் மரத்துக்கும் இரும்புக்கும் பத்தி இருந்தது, ஆட்களுக்கு இல்லை.

உரிமக் காலம்

1930இல் புணேயில் கோகலே அரசியல்-பொருளியல் நிறுவனமும் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகமும் தோன்றின. முன்னதை நடத்திய டி. ஆர். காட்கில் பிற்பாடு திட்டக் கமிஷனின் துணைத் தலைவரானார். பின்னதை நிறுவிய பி. சி. மகலனோபிஸ் 1955இல் தயாரித்த வரைவே கனரகத் தொழிலுக்கு முதலிடம் தந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் அடிப்படை. ஒரு சங்கமாகப் பதிவான கழகத்தின் சமன்பாடு ஒரு நாட்டின் எஃகு ஆலைகளை முடிவு செய்தது உலகத்திலேயே அரிது.

1956இல் தில்லியில் தொடங்கிய பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக்கான தேசியக் கவுன்சிலின் முதல் தலைமை இயக்குநர் பி. எஸ். லோகநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர். இந்தியத் தொழில் அமைப்பு பற்றி 1935இலேயே நூல் எழுதியவர். கவுன்சில் மாநிலம் மாநிலமாகத் தொழில்நுட்ப-பொருளாதார ஆய்வு நடத்தியது. சென்னை மாநிலத்துக்கும் ஒன்று வந்தது. இவை இன்று யாரும் புரட்டாத தடித்த புத்தகங்கள்.

புரட்டியே ஆக வேண்டிய அறிக்கை ஆர். கே. ஹசாரியுடையது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எந்த ஆலைக்கும் தில்லியின் உரிமம் வேண்டும். பெரு முதலாளிகளின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்றார்கள். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பொருளியலாளரான ஹசாரி, திட்டக் கமிஷனுக்காக விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். நடந்தது நேர்மாறாக இருந்தது. பெரிய குழுமம் ஒரே பொருளுக்குப் பல கம்பெனிகளின் பெயரில் பல விண்ணப்பம் போடும். அனுமதித்த உற்பத்தித் திறன் முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆலை கட்டாமலே போட்டியாளரை வெளியே நிறுத்திவிடும். இப்படி முன்கூட்டியே இடம் பிடித்தவர்களில் பிர்லா குழுமத்தை அவர் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். 1967இல் அறிக்கை வெளியானதும் நாடாளுமன்றத்தில் புயல். உரிம முறையை விசாரிக்கத் தத் குழு அமைந்தது. ஏகபோகத் தடைச் சட்டம் 1969இல் நிறைவேறியது. விண்ணப்பத் தாள்களை எண்ணிய ஒருவர் ஒரு சட்டத்துக்கே காரணமானார். அதே 1969இல் அவர் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராகப் போனார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உரிம முறை தோற்றது என்று ஹசாரி காட்டினார். அரசு அந்த முறையைக் கைவிடாமல் அதன்மேல் இன்னொரு பூட்டுப் போட்டது. ஆய்வாளர் நோயைச் சொல்கிறார்; மருந்து எது என்பது மந்திரிசபையின் விருப்பம்.

அடையாறு

யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற மால்கம் ஆதிசேசய்யா, வேலூரில் பிறந்தவர். அவரும் மனைவி எலிசபெத்தும் 1971 ஜனவரியில் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார்கள். பணம் சொந்தச் சேமிப்பு. ஆறு ஆண்டுகள் அப்படி நடந்தது. 1977இல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் தமிழக அரசும் மானியம் தரும் தேசிய நிறுவனமாக மாறியது. சுயேச்சை என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளில் தகுதி பெற்றவை அந்த முதல் ஆறு ஆண்டுகள்தான் என்பேன். ஆனால் அதே ஆறாண்டில் ஆதிசேசய்யா மாநிலத் திட்டக்குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். 1975இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். வெளியே நிற்பதும் உள்ளே போவதும் ஒரே ஆளின் இரண்டு கால்கள்.

பெங்களூரில் 1972இல் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய வி. கே. ஆர். வி. ராவ் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அதற்குமுன் தில்லியில் இரண்டு நிறுவனங்களை உருவாக்கியவர், மத்திய அமைச்சராக இருந்தவர். மைசூர்ப் பல்கலைக்கழக வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த வி. கே. நடராஜ் பின்னாளில் அடையாறு நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். காவிரி நீருக்குச் சண்டை போடும் இரு மாநிலங்களும் பொருளியலாளர்களைக் கொடுத்து வாங்குவதில் சண்டை போட்டதில்லை.

அடையாறு நிறுவனம் தொழிற்கொள்கைக்கு என்ன செய்தது என்று கேட்டால் திருப்பூரைக் காட்ட வேண்டும். 1990களில் பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் பனியன் கம்பெனிகளைச் சுற்றி எழுதிய ஆய்வறிக்கை, ஐரோப்பிய நூல்களில் புகழப்பட்ட தொழில் வட்டாரம் என்ற மாதிரி இங்கே பொருந்துமா என்று கேட்டது. ஆடை ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஒருவரிடம், டையிங் வேறொருவரிடம், கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் எல்லாம் ஜாப் ஒர்க். ஆர்டர் எடுத்தவர் கையில் பில் புத்தகம் மட்டும் இருக்கலாம். பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கும் கூட்டித் தரும் சிறுவனுக்கும் அந்த நெளிவுசுளிவில் என்ன கிடைக்கிறது என்பதே அவர்கள் கேள்வி. பின்னர் மு. விஜயபாஸ்கரும் திருப்பூரை ஆராய்ந்தார். சென்னையின் இன்னொரு நிறுவனமான மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் ஆய்வாளர்கள் சாயக் கழிவு நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் செய்த சேதத்துக்கு ரூபாயில் மதிப்புப் போட்டார்கள். ஆனாலும் சாய ஆலைகளை மூட வைத்தது 2011 ஜனவரியில் வந்த உயர்நீதிமன்ற ஆணை. ஆய்வுகளைத் தொழில்துறையோ அரசோ தாமாக எடுத்துப் படித்துத் திருந்தியதாக வரலாறு இல்லை.

2021 ஜூனில் தமிழக அரசு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவைத் திருத்தி அமைத்தபோது துணைத் தலைவராக ஜெயரஞ்சனும் உறுப்பினர்களில் ஒருவராக விஜயபாஸ்கரும் நியமிக்கப்பட்டார்கள். பனியன் கம்பெனி வாசலில் குறிப்பேட்டோடு நின்றவர்கள் அக்குழுவின் அலுவலகம் இருக்கும் எழிலகத்துக்குப் போனார்கள்.

இதே வழி தென்கொரியாவிலும் உண்டு. அடையாறு நிறுவனம் பிறந்த அதே 1971இல் அரசு நிதியில் கொரிய வளர்ச்சி நிறுவனம் தொடங்கியது. எழுபதுகளில் கனரக-ரசாயனத் தொழில்களில் அளவுக்கு மீறிப் பணம் கொட்டுகிறது என்று அங்கிருந்த பொருளியலாளர்கள் எச்சரித்தார்கள். 1979 ஏப்ரலில் அரசு வேகத்தைக் குறைத்தது. நிறுவனத்தின் முதல் தலைவர் கிம் மான்ஜே பின்னர் நிதி அமைச்சரானார்.

1991க்குப் பின்

உரிம முறையை 1991 ஜூலை 24இன் புதிய தொழிற்கொள்கை பெரும்பாலும் நீக்கியது. அறுபதுகளின் நடுவிலிருந்து தொழில் ஏன் தேங்கியது என்று 1985இல் நூல் எழுதிய இஷர் ஜட்ஜ் அலுவாலியா போன்றோரின் வாதங்கள் அதற்குள் அமைச்சகங்களில் புழங்கியிருந்தன. சுங்கத்தில் கை வைத்தவர் ராஜா செல்லையா. 1976இல் தேசியப் பொது நிதி-கொள்கை நிறுவனத்தின் முதல் இயக்குநர். 1991இல் வரிச் சீர்திருத்தக் குழுத் தலைவர். 1993இல் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நிறுவியவர். 1991-92இல் 150 சதவீதமாக இருந்த உச்ச இறக்குமதி வரி 1995-96இல் 50 சதவீதமானது. அடுத்த ஆண்டு யாதவகிரியில் ஜாவா நின்றது. ஒன்றுக்கொன்று நேர்க் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானியக் கூட்டு பைக்குகள் எண்பதுகளிலேயே சந்தையைப் பிடித்துவிட்டன.

பணம் என்ற பழைய சிக்கலும் தீரவில்லை. 1973இல் தொடங்கிய தில்லிக் கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நன்கொடை அனுமதி 2024 ஜனவரியில் ரத்தானது. வெளிநாட்டுப் பணம் நின்றால் உள்நாட்டு மானியம். மானியம் நின்றால் கன்சல்டன்சி. கன்சல்டன்சியில் கேள்வியைக் கேட்பவர் வாடிக்கையாளர். மாநிலத் தொழிற்கொள்கைகளின் வரைவுகளை இப்போது பன்னாட்டு ஆலோசனைக் கம்பெனிகள் எழுதிக் கொடுப்பது சாதாரணமாகிவிட்டது. அந்த ஆவணங்களில் இலக்குகள் கொட்டிக் கிடக்கும். திருப்பூர் அறிக்கையில் இருந்ததுபோல ஒரு தையல்காரியின் வாரக் கூலியைத் தேடினால் கிடைக்காது.

கர்நாடகத்தில் எண்ணிக்கையின் செல்வாக்கு வேறு விதமாக நிற்கிறது. பொருளியலாளர் டி. எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான குழு 35 அளவீடுகளைக் கொண்டு 175 தாலுக்காக்களை எடைபோட்டு 114 பின்தங்கியவை என்று 2002இல் அறிவித்தது. எந்தத் தாலுக்காவில் ஆலை வைத்தால் எவ்வளவு சலுகை என்பதை முடிவு செய்ய மாநிலம் அந்தப் பட்டியலை நீண்ட காலம் பயன்படுத்தியது. ஹெப்பாலில் இடம் தேடிய முதலாளி கொள்கை ஆவணத்தில் முதலில் திருப்பியது முன்னுரையை அல்ல, அந்தத் தாலுக்காப் பட்டியலைத்தான். அந்தக் கணக்கைப் புதுப்பிக்க 2024இல் அமைத்த குழுவின் தலைவர் எம். கோவிந்த ராவ், பெங்களூரில் வி. கே. ஆர். வி. ராவ் தொடங்கிய நிறுவனத்துக்கும் தில்லியில் செல்லையா நடத்திய நிறுவனத்துக்கும் இயக்குநராக இருந்தவர்.