கரும்பும் கருவும்: ஒரு கோயமுத்தூர் கணக்கு

ஸ்கூல்ல பயாலஜி படிச்ச எல்லாருக்கும் அந்த அட்டவணை ஞாபகம் இருக்கும். இடது பக்கம் புரோகேரியோட், வலது பக்கம் யூகேரியோட். உட்கரு இல்லை, உட்கரு உண்டு. வட்டமா ஒரே டி.என்.ஏ., பல குரோமோசோம்கள். 70எஸ் ரைபோசோம், 80எஸ் ரைபோசோம். அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி, பரீட்சையில கொட்டிட்டு, இஞ்சினியரிங் சேர்ந்ததும் சுத்தமா மறந்துட்டேன். அந்த அட்டவணை ஒரு வருஷம் எங்க தோட்டத்துக்குள்ளேயே வந்து நின்னுச்சுங்கறது ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது.

அப்பாரோட கரும்புக்காட்டுல அந்த வருஷம் தூரெல்லாம் புல்லு மாதிரி ஆயிருச்சு. மெல்லிசா, வெளுத்துப் போன சோகை. கரும்பா திரளவே இல்லை. மருந்துக்கடைக்காரர் சொன்னார்னு பூஞ்சாணத்துக்கு அடிக்கற மருந்தை வாங்கிட்டு வந்து ரெண்டு தரம் அடிச்சார். ஒண்ணும் கேக்கலை. கடைசியில ஏர் விட்டு அழிச்சாச்சு. "மருந்து சரியில்லீங்க கண்ணு"ன்னு மட்டும் சொன்னார்.

மருந்து சரியாத்தான் இருந்துச்சு. அடிச்ச ஆளுதான் தப்பான ஆளு. அதுக்கு வரும் முன்னாடி கொஞ்சம் வரலாறு.

இந்த ரெண்டு பேரையும் 1925-ல முதல்ல எழுதினவர் எட்வார் ஷட்டோன்ங்கற பிரெஞ்சு உயிரியலாளர். யாரும் பெருசா கண்டுக்கலை. பாக்டீரியாவை ரொம்ப காலம் செடிகொடியோட கணக்குலயே வெச்சிருந்தாங்க. 1962-ல ஸ்டேனியரும் வான் நீலும் எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் "உட்கரு இருக்கா, இல்லையா"ங்கறது உயிருலகத்தோட பெரிய எல்லைக்கோடு ஆச்சு. நாம மனப்பாடம் பண்ணின அட்டவணைக்கு அவ்வளவுதான் வயசு.

சரி, உட்கரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இதுக்கு நம்மூர்லயே பதில் இருக்குங்க. வீரகேரளம் பக்கம் கரும்பு இனப்பெருக்கு நிலையம் இருக்கே, அதை 1912-ல ஆரம்பிச்சாங்க. ஏன் கோயமுத்தூர்? கரும்பு இங்கே நல்லா பூக்கும். பூ வந்தாத்தான் ஒரு இனத்தை இன்னொண்ணோட சேர்க்க முடியும். பார்பரும் வெங்கட்ராமனும் இனிப்பான தடிக்கரும்பை நம்மூர் நாணலோட சேர்த்து, 1918-ல கோ 205-ஐ வெளியே விட்டாங்க. இனிப்பு ஒரு பக்கம், குளிரையும் வறட்சியையும் தாங்கற முரட்டுத்தனம் இன்னொரு பக்கம். வட இந்தியாவோட ஒல்லிக் கரும்பை ஓரங்கட்டினது அதுதான்.

ஆனா செல்லுக்குள்ளே என்ன நடந்துச்சு? அது குரோமோசோமை எண்ணினாத்தான் தெரியும். ஜாவாவுல பிரெமர்ங்கறவர் 1920-கள்ல எண்ணினார். தடிக்கரும்புக்கு 80, அந்த ஊர் நாணலுக்கு 112. பாதிக்குப் பாதி சேர்ந்தா 40 + 56 = 96 வரணும். வந்ததோ 136! அதாவது தாய்க்கரும்பு பாதியைத் தராம 80-ஐயும் முழுசாக் குடுத்திருக்கு. நாணல் மட்டும் முறைப்படி பாதி, 56.

கோவையில இந்த எண்ணுற வேலைக்கு 1934-ல வந்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில 1897-ல பிறந்து, மெட்ராஸ்ல படிச்சு, மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 1931-ல டாக்டர் பட்டம் வாங்கினவர். இந்தியாவோட பல பகுதியில முளைச்ச நாணலை எல்லாம் எடுத்து எண்ணினார். நாணல்ல இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும், 40-லிருந்து 128 வரைக்கும். நம்ம கோவை நாணலுக்கு 64. கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்த கலப்பைப் பத்தி 1938-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினார். 1939-ல இங்கிலாந்து போனவர், டார்லிங்டனோட சேர்ந்து 1945-ல பயிர்ச்செடிகளோட குரோமோசோம் அட்லஸையே கொண்டு வந்தார். அதே கோயமுத்தூர்ல படிச்ச எனக்கு பன்னெண்டாவது வரைக்கும் இந்தப் பேரை யாரும் சொன்னதில்லை.

இப்போ அட்டவணைக்கு வருவோம். கரும்பு செல்லுல உட்கரு இருக்கு, குரோமோசோம்கள் தனித்தனியா இருக்கு. அதனாலதான் தாய்-தகப்பன் கணக்கு, பாதி-முழுசுங்கற கணக்கெல்லாம். பாக்டீரியாவுல பெரும்பாலும் ஒரே ஒரு வட்டம். பூ இல்லை, மகரந்தம் இல்லை, செல்லு ரெண்டாப் பிரியும், அவ்வளவுதான். வேணும்னா பக்கத்துல இருக்கறவன்கிட்டேயிருந்து ஜீன் கடன் வாங்கிக்கும் :-) அளவுலயும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம் டி.என்.ஏ. எழுத்து. 2024-ல முழு வரைபடம் வெளியான ஆர் 570 கரும்புக்கு சுமார் 1000 கோடி.

அப்பாரோட காட்டுக்கு வந்தது புல்தூர் நோய். காரணம் ஃபைட்டோபிளாஸ்மா. செல் சுவர் கூட இல்லாத ஒரு வகை பாக்டீரியா, அட்டவணையில இடது பக்கத்து ஆளு. இந்த வகையறாவை ரொம்ப நாள் வைரஸ்னே நினைச்சிருந்தாங்க. 1967-ல ஜப்பான்காரங்கதான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டு, டெட்ராசைக்ளின் குடுத்தா அறிகுறி அடங்குதுன்னும் காட்டினாங்க. டெட்ராசைக்ளின் போய் மாட்டறது 70எஸ் ரைபோசோம்ல. அப்பாரு அடிச்சதோ கார்பென்டசிம். அது பூஞ்சாணத்தோட செல் பிரியறப்போ குரோமோசோமை இழுக்கற நுண்குழாயைத்தான் பிடிக்கும். பூஞ்சாணத்துக்கு உட்கரு உண்டு, வலது பக்கத்து ஆளு. ஃபைட்டோபிளாஸ்மாவுக்கு அந்தக் குழாயே கிடையாது. இல்லாத பூட்டுக்கு சாவி வாங்கியிருக்கார் அப்பாரு.

இன்னொரு விஷயம். அதே 1967-ல லின் மார்குலிஸ், மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்துல தனியாத் திரிஞ்ச பாக்டீரியாங்கதான்னு எழுதினாங்க. அதுகளுக்கும் சொந்தமா டி.என்.ஏ. உண்டு, பாக்டீரியா சாயல்ல ரைபோசோமும் உண்டு. இன்னைக்கு அது பாடப்புத்தக விஷயம். கரும்புல இது தாய் வழியாத்தான் வரும். அதனால நாணல் ரத்தம் எவ்வளவு கலந்திருந்தாலும், கோ ரகக் கரும்போட பச்சை பெரும்பாலும் அந்தத் தடிக்கரும்புத் தாயோடதுதான். அட்டவணைக்கு நடுவுல ஸ்கேல் வெச்சுப் போட்ட கோடு, நிஜத்துல ஒவ்வொரு சோகைக்குள்ளேயும் ஓடுது.

புல்தூர் நோய் பெரும்பாலும் விதைக்கரணை வழியாப் பரவும். கரணையை நடறதுக்கு முன்னாடி 50 டிகிரி சூட்டுல நேர்த்தி பண்ணிட்டா பெருமளவு தடுக்கலாம். நோய் வந்த காட்டுல மறுதாம்பு விடக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதையெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கறப்போ சொல்றதுக்கு அப்பாரு இல்லை. அஞ்சு மார்க் மட்டும் அப்பவே முழுசா வாங்கிட்டேன்.