'அல்மவீவா'விலிருந்து 'செவில் நகர நாவிதன்' வரை: ஓர் இசைநாடகத்தின் தலைப்பும் மையமும்

1816 பிப்ரவரி 20 அன்று உரோம் நகரின் ஆர்ஜென்தீனா அரங்கில் ஜொவாக்கீனோ ரொஸ்ஸீனியின் புதிய நகைச்சுவை இசைநாடகம் அரங்கேறியபோது, அதன் பெயர் 'செவில் நகர நாவிதன்' அன்று. 'அல்மவீவா, அல்லது பயனற்ற முன்னெச்சரிக்கை' என்பதாகும். போமார்ஷேயின் 1775ஆம் ஆண்டுப் பிரெஞ்சு நாடகத்தை, ஜொவான்னி பைசியெல்லோ 1782இலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இசைநாடகமாக்கிப் பெரும்புகழ் எய்தியிருந்தார். அம்மூத்த இசைவாணர்மீது கொண்ட மதிப்பே பெயர்மாற்றத்திற்குக் காரணம் என அச்சிடப்பட்ட பாடல்நூலின் முன்னுரை கூறிற்று. முதல் இரவு கூச்சலில் முடிந்தது. அடுத்த நிகழ்விலேயே நிலைமை மாறியது.

தலைப்பை மரியாதைக் குறிப்பாக மட்டும் கொள்வது போதாது. ஒப்பந்தப்படி ரொஸ்ஸீனி பெற்ற ஊதியம் 400 ஸ்கூதி. பிரபு அல்மவீவாவாகப் பாடிய மானுவேல் கார்சியா பெற்றதோ 1200. முதல் வடிவம் பிரபுவின் நாடகமாகவே அமைந்திருந்தது எனலாம்.

கதையமைப்பும் இதற்கு இடந்தருகிறது. மருத்துவர் பார்த்தோலோ காவலில் வைத்திருக்கும் ரோசினாவை அடைய, பிரபு ஏழை லிந்தோரோவாகவும், குடிபோதைப் படைவீரனாகவும், இசையாசிரியராகவும் வேடமிடுகிறார். படைவீரன் வேடம் ஃபிகாரோவின் யோசனை. பொன் கிடைக்கும் என்றறிந்த பின்னரே அவனது அறிவு விரைந்து இயங்குகிறது. ஆயினும் சூழ்ச்சி சிக்கலாகும் ஒவ்வொரு முறையும் காப்பது பிரபுவின் தகுதியே. கைதுசெய்ய வந்த அதிகாரி அவர் யாரென்று அறிந்ததும் விலகுகிறார். இறுதியில் பார்த்தோலோ ஏணியை அகற்றிவிடத் தப்பும் வழி அடைபடுகிறது. பசீலியோவைச் சாட்சிக் கையொப்பமிடச் செய்வன பிரபுவின் மோதிரமும் கைத்துப்பாக்கியுமே.

இவ்வுண்மையை வெளிப்படையாக்கும் இடம், வேடம் கலைந்த பிரபு பார்த்தோலோவை அடங்கிப்போகுமாறு ஆணையிடும் நெடும் தனிப்பாடலாகும். கார்சியாவின் குரல்திறனுக்கென அமைந்த இப்பாடல் பிற பாடகர்க்கு எளிதில் கைவரவில்லை. நாளடைவில் மேடையில் பெரும்பாலும் விடுபட்டது. அதன் நிறைவுப் பகுதியின் இசையை ரொஸ்ஸீனி 1817 ஜனவரியில் உரோமின் வாலே அரங்கில் அரங்கேறிய 'லா செனெரெந்தோலா'வின் நாயகிக்கு மாற்றியளித்தார். அவ்விரு நாடகங்களிலும் முதல் நாயகி ஜெல்த்ரூதே ரிகெத்தி-ஜோர்ஜியே. ஆண்டையின் ஆணையாக ஒலித்த இசை, ஓராண்டுக்குள் அடுப்படிப் பணிப்பெண்ணின் உவகைக் குரலாயிற்று! ரொஸ்ஸீனி தம் இசையை மறுபயன்படுத்துவது வழக்கமே. நாவிதனின் முன்னிசையும் 1813ஆம் ஆண்டின் 'பல்மைராவில் அவுரெலியானோ'விலிருந்து வந்ததுதான். எனவே இம்மாற்றத்தில் சமூக நோக்கம் தேடுவது மிகையாகும், விளைவு வேறு.

பைசியெல்லோ 1816 ஜூனில் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் போலோஞ்ஞாவில் நிகழ்ந்தபோது நாடகம் நாவிதனின் பெயரைப் பெற்றது. தலைப்பும் மாறி, பிரபுவின் தனிப்பாடலும் வழக்கொழிந்த பின், பார்வையாளர் கண்டது வேலைக்காரனின் மதியால் வெல்லும் காதலையே. ஃபிகாரோவைப் புரட்சிக்கு முற்பட்ட அடித்தட்டு அறிவின் உருவமாகக் காணும் வாசிப்புகள், போமார்ஷேக்குப் பொருந்தும் அளவிற்கு, 1816ஆம் ஆண்டின் முழு வடிவத்திற்குப் பொருந்தா.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராக்வெல் பிளேக் முதலியோர் அத்தனிப்பாடலை மீண்டும் மேடைக்குக் கொணர்ந்தனர். அப்போது மேடை பிரபுவின் வசமாகிறது. நிறைவுக் கூட்டுப்பாடலைத் தொடங்குவது மட்டும் ஃபிகாரோவிடமே உள்ளது.