சீட்டுக் கொப்பியும் செக்ரோலும்: தன் இலக்கை எழுதிவைப்பதன் பயன் குறித்து

கடுகண்ணாவைக் கணவாயின் தலைமேட்டில் நிற்கும் டோசன் கோபுரம் 1832இல் எழுப்பப்பட்டது. கொழும்பு – கண்டி வீதியை வகுத்து நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தபின், பொதுநிதி திரட்டி அவர் நினைவாகக் கட்டியது அது. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் அதே மலையை உடைத்தவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது. 1867இல் கண்டியை எட்டிய ரயில் பாதையும் 45க்கு 1 என்ற ஏற்றத்தில் இந்தக் கணவாயையே ஏறியது. வீதி, ரயில் இரண்டிலும் அரசுக்கு வரைபடமும் மதிப்பீடும் தவணையும் இருந்தன, பொறுப்பாளரும் இருந்தார். அரசின் இலக்கு காகிதத்தில்தான் பிறக்கிறது. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு தனியாள் தன் இலக்கை எழுதிவைத்தால் என்ன பயன் என்பதுதான் சர்ச்சைக்குரியது.

சுயமுன்னேற்ற நூல்களும் ஊக்கப் பேச்சாளர்களும் இதற்குத் தயாராக ஒரு சான்று வைத்திருக்கிறார்கள். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் 3 சதவீதத்தினரே இலக்குகளை எழுதிவைத்திருந்தார்களாம். இருபது ஆண்டுகள் கழித்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் செல்வத்தையும் அந்த 3 சதவீதத்தினரின் செல்வம் விஞ்சியதாம். அப்படியோர் ஆய்வு நடக்கவேயில்லை. 1996இல் ‘ஃபாஸ்ட் கம்பனி’ இதழ் தேடிப்பார்த்தபோதே இது வெளிப்பட்டது. ஆனாலும் பாடசாலைக் கருத்தரங்குகளில் இக்கதை இன்னும் உலவுகிறது. பணத்தை வைத்து வாழ்க்கையை அளக்கும் ஆசைதான் அதற்கு இத்தனை ஆயுளைத் தந்திருக்க வேண்டும்.

உண்மையான ஆய்வுகள் இதைவிட அடக்கமானவை. கலிஃபோர்னியாவின் டொமினிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெயில் மெத்யூஸின் ஆய்வை 149 பேர் நிறைவுசெய்தார்கள். இலக்கை மனத்தில் மட்டும் எண்ணியவர்களைவிட எழுதியவர்கள் கூடுதலாகச் சாதித்தார்கள். எழுதியதோடு நில்லாமல் வாராவாரம் ஒரு நண்பருக்கு முன்னேற்றத்தை அறிவித்தவர்களே முதலிடம் பெற்றார்கள். ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. நத்தார் விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுதுமாறு மாணவர்களிடம் கேட்கப்பட்டது. எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவது என முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். நாளும் இடமும் குறித்தால் இலக்கு நகர்கிறது. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் இன்னும் விரைவாக நகர்கிறது. எழுத்தின் பயன் இந்த இரண்டையும் ஓரிடத்தில் கட்டிவைப்பதில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

கணவாய்க்கு அப்பால் விரிந்த தேயிலைத் தோட்டங்களில் எழுத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. அங்கே எழுதுகோல் கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, மாலையில் கொழுந்து நிறுத்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் முழுப் பேரா அரைப் பேரா (முழு நாள் வேலையா அரை நாள் வேலையா) என்று பதிந்தவர் அவர். தொழிலாளியின் கடனைத் துண்டு என்ற சீட்டு சுமந்தது. வேறு தோட்டம் போக விரும்பியவர் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும், அல்லது புதிய துரை அதை ஏற்க வேண்டும். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆக ஒருவரின் நாளும் கடனும் நகர்வும் நுணுக்கமாக எழுதப்பட்டன. அவர் என்ன ஆக விரும்பினார் என்பதற்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. இதைக் கணக்கில் எடுக்காமல், ‘எழுதுங்கள், வெற்றி பெறுங்கள்’ என்று லயத்து (தோட்டத்து வரிசைவீட்டு) பிள்ளைகளிடம் போய்ச் சொல்வது அரைகுறை உபதேசம். தங்கள் முன்னோரைக் கட்டிப்போட்ட கருவியையே அவர்கள் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் தோட்டத்து மக்களுக்கு இலக்கு வகுக்கும் மரபு இல்லாமலில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் நேர்த்தி அதில் ஒன்று. நோக்கம், தவணை, சாட்சியாக அம்மன், தவறினால் மனக்குத்தல் எல்லாம் அதில் அடங்கும். எழுத்து மட்டும் இல்லை. மற்றொன்று சீட்டு, அதில் எழுத்தும் சேர்ந்துகொள்கிறது. பத்துப் பேர் மாதம் ஐயாயிரம் ரூபாய் கட்டினால் மாதத்துக்கு ஒருவர் ஐம்பதாயிரம் எடுக்கலாம். சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கொப்பியில் பெயரும் மாதமும் கட்டிய தொகையும் இருக்கும். ‘மகளின் உயர்தர வகுப்புக்கு’, ‘கூரைத் தகரத்துக்கு’ என்று மாதம் கேட்டு வாங்குபவர் தன் இலக்கை அக்கம்பக்கத்தார் முன் நாள் குறித்து அறிவித்தவராகிறார். மெத்யூஸின் ஆய்வில் நண்பர் செய்த வேலையை அந்த அக்கா பல தலைமுறைகளாகச் செய்துவருகிறார், சம்பளமில்லாமல். (பல இடங்களில் முதல் மாதச் சீட்டு அவருக்கு என்பது வேறு விஷயம்.)

என் வாதத்துக்கு எதிரான சான்றுகளும் உண்டு. கோல்விட்சரே 2009இல் வேறு சிலருடன் சேர்ந்து காட்டினார்: ‘நான் இன்னதாக ஆகப்போகிறேன்’ என்ற எண்ணத்தைப் பிறர் அறிந்துகொண்டாலே, ஆகிவிட்டது போன்ற நிறைவு வந்து முயற்சி தளர்கிறது. இதைச் சீட்டோடு ஒப்பிட்டால் முரண் குறைகிறது. சீட்டில் அறிவிப்பதற்குப் பாராட்டு இல்லை. மாதம் தவறாமல் காசு கட்ட வேண்டும். இன்னும் வலுவான தடை பின்னர் வந்தது. 2010இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் படிப்பில் தடுமாறிய 85 மாணவர்களிடம் இலக்கு எழுதும் பயிற்சி மதிப்பெண்களை உயர்த்தியதாகத் தெரிந்தது. டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 1,400 மாணவர்களிடம் அதே வகைப் பயிற்சி சோதிக்கப்பட்டு 2019இல் முடிவு வெளியானபோது, நினைவூட்டல் செய்திகள் அனுப்பியும் பயன் ஏதும் தென்படவில்லை. கைத்தொலைபேசியில் வரும் குறுஞ்செய்தி முகம் பார்த்துக் கேட்கும் ஆளுக்கு ஈடாகவில்லை என்று நான் இதை வாசிக்கிறேன். வேறு விளக்கங்களுக்கும் இடமுண்டு.

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சாதாரண தர மாணவர்களை மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழு இலக்கை எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடும். இரண்டாவது, நாளும் இடமும் குறித்து எழுதித் தானே வைத்துக்கொள்ளும். மூன்றாவது, அப்படியே எழுதி, ஊரில் தான் தெரிவுசெய்த ஒருவரிடம் வாரந்தோறும் காட்டும். அந்த ஒருவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. கொழுந்து எடுக்கும் பாட்டி, கொப்பியைத் திறந்து பேரனையே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். மூன்றாவது குழு முந்தினால், அந்தப் பயிற்சி வகுப்பறைக்குள் நடக்க வேண்டுமா லயத்து வாசலில் நடக்க வேண்டுமா என்பதைப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.