குடாநாடு கேட்ட கேள்விகள் – 9: நான்கு வெறுங்கதிரைகள்

இலங்கைக்கு வருமான வரி வந்தது 1932இல். உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையையும் ரப்பர் விலையையும் ஒன்றாகச் சாய்த்துவிட்டிருந்தது. திறைசேரிக்குப் பணம் வேண்டும். காலிமுகத்திலே கடலைப் பார்த்து நிற்கும் அரசாங்க சபைக் கட்டடத்தில் வரிச் சட்டம் நிறைவேறியது. யாழ்ப்பாணத்து வீடுகளின் வரும்படி தெற்கின் தோட்டக்காரர் வரும்படி போன்றதல்ல. ஒரு வீட்டில் எழுதுவினைஞரின் மாதச் சம்பளம், அடுத்த வீட்டில் மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பியவரின் பென்ஷன், அதற்கடுத்ததில் புகையிலைக் காசு. இந்த வரி எங்கள் ஆட்கள்மேல் எப்படி விழும் என்று எழுந்து கேட்க, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்ற நான்கு தொகுதிகளுக்கும் அந்தச் சபையில் ஆள் இல்லை. நான்கு கதிரைகளும் வெறுமையாகக் கிடந்தன.

அவற்றை யாரும் பறிக்கவில்லை. குடாநாடு தானாகவே வேண்டாம் என்று விட்டது.

விட்டது எப்படிப்பட்ட கதிரை என்பதை விளங்கிக்கொள்ள முந்திய சபையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். 1924இல் சீர்திருத்திய சட்டநிரூபண சபையில் 49 பேர். அவர்களில் 37 பேர் உத்தியோகப்பற்றற்றவர்கள். நிதிக்குழுவிலும் அவர்களே பெரும்பான்மை. திணைக்களத் தலைவர்களை அங்கே அழைத்து, ஏன் இந்தச் செலவு, ஏன் இந்தப் புதிய பதவி, போன வருடம் கொடுத்த காசு எங்கே என்று துருவுவார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அந்த அறை பெரிய தலையிடி. ஆனால் கேட்டவர்களில் ஒருவரும் நாளைக்கு அந்தத் திணைக்களத்தை நடத்தப்போவதில்லை. பணத்தை மறிக்கலாம், வேலையைச் செய்து காட்டவேண்டியதில்லை.

நாட்டின் அரசியல் யாப்பை ஆராய 1927 நவம்பரில் வந்திறங்கிய டொனமூர் ஆணைக்குழு இந்த நோயைத்தான் முதலில் பிடித்தது. ஒரு பக்கம் பொறுப்பில்லாத அதிகாரம், மறுபக்கம் அதிகாரமில்லாத பொறுப்பு. அதே நவம்பரில் யாழ்ப்பாணத்து இளைஞர்களின் அழைப்பில் காந்தியும் குடாநாட்டுக்கு வந்திருந்தார். ஒரே மாதத்தில் வந்த இரண்டு விருந்தாளிகளில் யாழ்ப்பாணம் யாருக்குக் காது கொடுத்தது என்பதில்தான் அடுத்த ஏழு வருடக் கதை இருக்கிறது.

ஆணைக்குழு எழுதிய மருந்து விசித்திரமானது. பிரித்தானியப் பாராளுமன்றத்தைப் பார்த்து எழுதாமல், லண்டன் கவுண்டி கவுன்சில் போன்ற ஒரு உள்ளூராட்சிச் சபையைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். அரசாங்க சபையில் 61 பேர்: தேர்தலில் வருவோர் 50, நியமனம் 8, பிரதம செயலாளர், நிதிச் செயலாளர், சட்டச் செயலாளர் என்று அரச அதிகாரிகள் மூவர். சபாநாயகரையும் அந்த மூவரையும் தவிர்த்து மற்ற எல்லோரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரியவேண்டும். உள்நாடு, விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழிலும் கைத்தொழிலும் வர்த்தகமும், கல்வி, போக்குவரத்தும் பொதுவேலைகளும். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவுசெய்யும். அந்தத் தலைவரைத் தேசாதிபதி மந்திரியாக நியமிப்பார்.

ஆக, மந்திரியைக் கேள்வி கேட்கிற உறுப்பினர் எதிர்வரிசையில் இருந்து கேட்கவேண்டியதில்லை. மந்திரியின் மேசையிலேயே அவருக்கும் ஒரு இடம் உண்டு. திணைக்களத்தின் கடதாசிகள் அந்த மேசைக்கு வரும். அடுத்த வருடச் செலவு மதிப்பீடு அங்கேதான் உருவாகும். ஒரு ஆஸ்பத்திரி பருத்தித்துறைக்கா மாத்தறைக்கா என்பது சபைக்கு வருமுன்னரே அங்கே பேசி முடிவாகும். குழுவில் மந்திரி தோற்றுப்போகவும் கூடும். தோற்றாலும் பதவி போகாது.

இந்த ஏற்பாட்டைப் பழித்தவர்கள் நிறையப்பேர். பழிப்பதற்கு இடமும் இருந்தது. சபையில் மந்திரியிடம் ஒரு கேள்வி விழுந்தால் அது என் தீர்மானம் இல்லை, குழுவின் தீர்மானம் என்று கையை விரித்துவிடலாம். ஒரு மந்திரியின் யோசனைக்கு எதிராக இன்னொரு மந்திரியே வாக்களிக்கலாம். வரவுசெலவுத் திட்டத்தை மந்திரிகள் சபை கூடித் தயாரிக்கும். திறைசேரியின் பூட்டுச்சாவி தேர்தலில் வராத நிதிச் செயலாளரிடம். ஆள்மாறி ஆள்மாறிக் குற்றம் சாட்ட இதைவிட வசதியான சட்டகம் கிடையாது. இருந்தாலும் சிறுபான்மையான ஒரு ஊருக்கு, ஆட்சியில் ஒருபோதும் பெரும்பான்மை கிடைக்காத ஒரு ஊருக்கு, இதைவிட நல்ல கேள்விக்கதிரை அதற்குப் பின்பு கிடைக்கவே இல்லை என்பது என் எண்ணம். எதிர்வரிசையில் கேட்கப்படுவதெல்லாம் முடிவெடுத்த பிறகு கேட்கும் கேள்வி. குழுவறையில் கேட்பது முடிவெடுக்குமுன் கேட்கும் கேள்வி.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசுக்கு அது பொருட்டாகப் படவில்லை. ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் கேட்டது பூரண சுயராச்சியம். பாதி அதிகாரத்தோடு வரும் சபையில் போய் உட்காருவதே அவமானம் என்றார்கள். இந்திய உப்புச் சத்தியாக்கிரகத்தின் சூடு பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. 1931 மே மாதம் வேட்புமனு நாளில் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை. போட்டியிட ஆசைப்பட்ட அப்புக்காத்துமார்கூட ஊரின் கோபத்துக்குப் பயந்து ஒதுங்கினார்கள். நாட்டின் 50 ஆசனங்களில் 46 நிரம்பின. 21 வயதான ஆணும் பெண்ணும் எல்லோரும் வாக்களிக்கலாம் என்று ஆசியாவிலேயே முன்னோடியாக வந்த அந்தத் தேர்தலில், குடாநாட்டின் பெண்கள் வாக்குச்சாவடியைக் காணவில்லை.

அந்த இளைஞர்கள் சாதியையும் வகுப்புவாதத்தையும் எதிர்த்தவர்கள், தமிழரும் சிங்களவரும் ஒரே நாடாக நிற்கவேண்டும் என்று நம்பியவர்கள். அவர்களுடைய நேர்மையைக் குறைசொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. கணக்கைத்தான் பார்க்கவேண்டும். தெற்கிலும் இளைஞர்கள் கைதட்டினார்கள். ஆனால் தெற்கின் அரசியல்வாதிகள் ஒருவரும் பின்னால் வரவில்லை. டி. பி. ஜயதிலக்க, டி. எஸ். சேனாநாயக்க, கன்னங்கரா எல்லோரும் மந்திரிகளாகிவிட்டார்கள். அந்த ஏழு பேரில் பெரி. சுந்தரமும் இருந்தார், மாக்கான் மாக்காரும் இருந்தார். மலைநாட்டுத் தமிழருக்கும் கிழக்கு முஸ்லிம்களுக்கும் மேசையில் இடம் கிடைத்தது; குடாநாட்டுக்கு இல்லை.

மூன்று வருடம் போயிற்று. 1930இலே தொடங்கிய ‘வீரகேசரி’யும் சுன்னாகத்திலிருந்து வந்த ‘ஈழகேசரி’யும் கையிலிருந்த ஊருக்கு, கொழும்பில் நடப்பதை வாசிக்கலாம், வாசித்துவிட்டுத் திண்ணையில் தர்க்கம் பண்ணலாம். அவ்வளவுதான். கடைசியில் ஊரே போய்த் தேர்தல் வையுங்கள் என்று கேட்டது. 1934 இடைத்தேர்தலில் யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவா, காங்கேசன்துறைக்கு இராமநாதனின் மருமகன் சு. நடேசன், ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறைக்கு ஜி. ஜி. பொன்னம்பலம். கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்துவிட்டு அப்புக்காத்தாக வந்தவர் பொன்னம்பலம். 1931இல் மன்னார்–முல்லைத்தீவில் கேட்டுத் தோற்றவர். குறுக்கு விசாரணை அவருடைய தொழில். சபையில் எழுந்து நின்றபோதும் அந்தத் தொழிலை அவர் வெளியே விட்டுவிட்டு வரவில்லை. எந்தத் திணைக்களத்தில் எத்தனை தமிழர், எந்த மாகாணத்துக்கு எவ்வளவு பணம் என்று புள்ளிவிவரத்தை அடுக்கி வைத்துவிட்டு மந்திரியைப் பார்த்து நிற்பார் என்பது அவரைப் பற்றிய பொதுவான சித்திரம்.

1936இல் இரண்டாவது சபை. குழுமுறையின் இன்னொரு முகம் அப்போதுதான் தெரிந்தது. 57 பேரை ஏழாகப் பிரித்தால் ஒரு குழுவில் எட்டுப்பேர் அல்லது ஒன்பதுபேர். ஐந்துபேர் ஒன்றாக நின்றால் தலைவர் அவர்கள் ஆள்தான். ஏழைந்து முப்பத்தைந்து. சிங்கள உறுப்பினர்கள் அதற்கு மேலேயே இருந்தார்கள். ஒழுங்காகப் பகிர்ந்து நின்றார்கள். ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே வந்தார்கள். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியரும் யாழ்ப்பாணத்தவருமான செ. சுந்தரலிங்கம் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் கதை. கணக்கு என்னவோ பள்ளிக்கூடப் பிள்ளையும் போடக்கூடியதுதான்.

அதே சபையில் சபாநாயகர் கதிரை ஊர்காவற்றுறைக்குப் போனது. வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைசுவாமி 1936 முதல் 1947 வரை அதில் இருந்தார். நடுநிலையான, கண்டிப்பான சபாநாயகர் என்று பெயர் எடுத்தார். ஆனால் சபாநாயகர் எந்தக் குழுவிலும் இல்லை, கேள்வியும் கேட்கமாட்டார். தீவுப்பகுதிக்குக் கிடைத்தது மரியாதை; கேள்வி கிடைக்கவில்லை. பதினொரு வருடம்.

குழுவறையில் மற்றவர்கள் இருந்தார்கள். மந்திரி தங்கள் ஆள் இல்லை என்றாலும் மதிப்பீடு தங்கள் கண்முன்னே எழுதப்பட்டது. 1942இல் ஜயதிலக்க இலங்கையின் பிரதிநிதியாக இந்தியா போனபோது உள்நாட்டு மந்திரிப் பதவி மகாதேவாவுக்கு வந்தது. ஏழு சிங்கள மந்திரிகள் என்ற கோலம் கலைந்தது. யாழ்ப்பாணத்து உறுப்பினர் ஒருவர் முதன்முறையாகப் பதில் சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு ஊர் என்ன செய்தது என்பதை 1947இல் பாருங்கள். டொனமூர் முறைக்குப் பதிலாக வந்த சோல்பரி யாப்பின்கீழ் நடந்த முதல் பொதுத்தேர்தலில் மகாதேவா ஐக்கிய தேசியக் கட்சியில் நின்றார். பொன்னம்பலம் பருத்தித்துறையை விட்டு யாழ்ப்பாணத்துக்கே வந்து அவரைத் தோற்கடித்தார். பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசுக்கு 7 ஆசனங்கள்.

நிர்வாகக் குழுக்கள் போய்விட்டன. இனி வெஸ்ட்மின்ஸ்டர் முறை: அங்கே மந்திரிகள், இங்கே எதிர்க்கட்சி. கேள்வியை முன்கூட்டி எழுதிக் கொடுக்கவேண்டும். பதில் வந்தபின் எழுந்து துணைக்கேள்வி போடலாம். வரவுசெலவுக் குழுநிலையில் ஒரு மந்திரியின் செலவுத் தலைப்பில் பத்து ரூபாவைக் குறைக்கவேண்டும் என்று பிரேரிக்கலாம். பத்து ரூபா பொருட்டே இல்லை. அந்தச் சாட்டில் அமைச்சு முழுவதையும் பிடித்து உலுப்பலாம். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை வைத்துக்கொண்டு பொதுக் கணக்குக் குழு செலவான காசைத் துருவலாம். எல்லாம் இருந்தது, முடிவெடுக்கும் மேசை ஒன்றைத் தவிர.

பொன்னம்பலம் அந்த மேசையைத் தேடிப் போனார். 1948 செப்டம்பரில் டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் பரந்தன் இரசாயன ஆலையையும் வாழைச்சேனைக் காகித ஆலையையும் இன்றைக்கும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். பதினான்கு வருடம் கேள்வி கேட்டவர் பதிலை இயந்திரமாகக் காட்டினார் என்று அவருடைய ஆட்கள் சொன்னார்கள். விலை வேறு இடத்தில் இருந்தது. 1948 ஆகஸ்டில், மலைநாட்டுத் தமிழரைப் பாதித்த பிரசாவுரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர், டிசம்பரில் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டமூலம் வந்தபோது அரசாங்கத்தோடு நின்றார். சா. ஜே. வே. செல்வநாயகமும் கோப்பாய் கு. வன்னியசிங்கமும் எதிர்த்தார்கள். மலைநாட்டுத் தமிழரின் வாக்கைப் பற்றி நேற்றுவரை தங்கள் தலைவராக இருந்தவரின் அரசாங்கத்தை நோக்கியே அவர்கள் கேட்கவேண்டி வந்தது. 1949 டிசம்பரில் அவர்களுடைய தமிழரசுக் கட்சி பிறந்தது.

வதிவாளர் சட்டமூலம் சபைக்கு வந்த நாளில் இன்னொருவரும் இருந்தார். 1936 கணக்கோடு பெயர் ஒட்டிய அதே சுந்தரலிங்கம், இப்போது வவுனியா உறுப்பினர், வர்த்தக அமைச்சர். சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பில் எழுந்து சபையை விட்டு வெளியே போனார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கம் கொடுக்காமல் இராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். பிரதமரே அமைச்சரைக் கேள்வி கேட்டு, அமைச்சர் பதவியாலே பதில் சொன்ன சம்பவம் இது. யாழ்ப்பாணத்துத் திமிர் என்று கொழும்பில் இதைச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தத் திமிர் பிடிக்கிறது.

ஊரின் தீர்ப்பு உடனே வரவில்லை. 1952இல் காங்கேசன்துறை செல்வநாயகத்தைக் கைவிட்டு ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசனை அனுப்பியது. 1953இல் சேர் ஜோன் கொத்தலாவலை பிரதமரானபின் பொன்னம்பலத்தை அமைச்சரவையிலிருந்து இறக்கினார். நடேசனுக்கு அமைச்சுக் கிடைத்தது. 1956இல் நடேசன் அதே செல்வநாயகத்திடம் தோற்றார். யாழ்ப்பாணத் தொகுதியைப் பொன்னம்பலம் காப்பாற்றிக்கொண்டார், ஆனால் எதிர்வரிசையில். பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் பொன். கந்தையா. வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் என்ற இளம் அப்புக்காத்து. தமிழரசுக் கட்சிக்கு வடக்கிலும் கிழக்கிலுமாக 10 ஆசனங்கள். பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் தமிழர் ஒருவரும் இல்லை. இந்தமுறை கதிரைகள் நிரம்பியிருந்தன, அவ்வளவும் கேள்விக்கதிரைகள்.

1956 ஜூன் 5. சிங்களம் மட்டும் சட்டமூலம் சபைக்கு வருகிற நாள். தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் உள்ளே போய்க் கேள்வி எழுப்புவதற்கு முன்னர், அதே கட்டடத்துக்கு எதிரே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் வந்து தன் கதிரையில் உட்கார்ந்தார். அன்று அங்கே நடந்த விவாதத்தை அடுத்த பகுதியில் பார்ப்போம்.