பரங்கிமலையில் போரிட்ட கும்மந்தான்

பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்திலே, பலகையில் கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி ஏனைய பாகத்தைச் செதுக்கி நீக்கி, மைதடவிக் காகிதத்தில் பதித்தெடுத்த சித்திரங்களுள், கூலிக்குப் போர்புரிந்த லான்ஸ்கினெஹ்ட் வீரனின் உருவம் விசேஷமானது. எர்ஹார்ட் ஷோன், ஹான்ஸ் செபால்ட் பேஹம் முதலிய சித்திரக்காரர்கள், மாதம் 4 கில்டர் சம்பளத்துக்கு உயிரைப் பணயம் வைத்த அந்தச் சாமானியனை, கீறல் விட்டுத் தைத்த சட்டைக் கைகளும், இறகு சூடிய தொப்பியும், தோளிற் சாய்த்த ஆயுதமுமாக, ஒரு பிரபுவின் கம்பீரத்தோடு நிற்கவைத்தார்கள்.

அத்தகைய சித்திரத்தை நோக்குந்தோறும் என் சிந்தை பரங்கிமலையை நாடுகிறது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, செங்கற்பட்டிலிருந்த காப்டன் பிரெஸ்டனோடு கூடி, பிரெஞ்சுக்காரருக்கு உணவும் வெடிமருந்தும் வரும் வழிகளை இடைவிடாது தாக்கியவர், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் கும்மந்தானாகிய, அதாவது தளபதியாகிய, முகம்மது யூசுப் கான் என்னும் கான் சாகிப். இன்று வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என்று மின்சார ரயிலில் நாம் எண்ணிக்கொண்டு கடக்கும் இந்தத் தென்புறத்து நிலமே, அன்று கோட்டையின் கதியை நிர்ணயித்த போர்க்களமாக இருந்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலத் தளபதி கைலாடும் தம் படையோடு வந்து சேர, மலையடிவாரத்தில் கடும் சமர் நிகழ்ந்தது. அதே மாதம் 17-ஆம் தேதி லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். ஆங்கிலக் கப்பல்கள் வந்ததே காரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது, மலையடியில் மாண்ட சிப்பாய்களுக்கு இழைக்கும் அநியாயம் என்றே கருதுகிறேன்.

இராமநாதபுரச் சீமைப் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த மருதநாயகமே இவர் என்பது வழிவழியாக வழங்கும் வரலாறு. சம்பளச் சேவகராய்த் தொடங்கிய அவர் மதுரையை ஆளும் நிலைக்கு உயர்ந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் அடங்க மறுத்தார். கம்பெனியும் நவாபும் மதுரையை முற்றுகையிட்டபோது, பரங்கிமலையில் அவரோடு தோளோடு தோள் நின்ற அதே பிரெஸ்டன் எதிரணியில் வந்து, அந்த முற்றுகையிலேயே உயிரிழந்தார். கூலிப் போர்வாழ்வின் கொடுமை இதைவிடத் தெளிவாக எங்கே புலப்படும்! தம்மிடம் சம்பளம் வாங்கிய பிரெஞ்சு அதிகாரி மார்ஷாந்தும் உடனிருந்தோரும் சதிசெய்து பிடித்துக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று கான் சாகிப் தூக்கிலிடப்பட்டார்.

ஜெர்மானியச் சித்திரக்காரன் தன் வீரனின் உடுப்பையும் நிற்கும் நிலையையும் பதித்தான். பெரும்பாலும் பெயரைப் பதிக்கவில்லை. நம்மவர் செய்ததோ வேறு. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் அவருடைய பெயரையும் பகையையும் வீழ்ச்சியையும் தென்பாண்டி மக்களின் நாவில் நிறுத்தியது. மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவருக்கு ஒரு தர்காவும் எழுந்தது. பாடல் அவரைத் தென்பாண்டிக்கு உரியவராக்கிற்று. பரங்கிமலையைச் சுற்றி வாழும் நாமும் அவருடைய சரித்திரத்தில் நமக்குரிய அத்தியாயத்தைக் கேட்டுப் பெறவேண்டும்.